'சேறு' என்று எழுதியது யார்?

மலை மாவட்டமொன்றில், கல்யாண மண்டபத்தில் நடந்த கருத்துக்கேட்புக் கூட்டம் அது. நீர்மின் திட்டத்துக்கான சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையைத் தயாரித்த குழுவில் ஒருவனாக நான் மேடையோரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு பாட்டி எழுந்து, "சேறு கொட்டுற இடம்னு போட்டிருக்கே தம்பி, டேமைத் தூர்வாரப் போறீங்களா?" என்றார்.

சுரங்கம் குடையும்போது வெளியே வரும் பாறைக்கழிவை எங்கள் தொழிலில் ஆங்கிலத்தில் 'மக்' (muck) என்போம். தமிழ்ச் சுருக்கத்தை மொழிபெயர்த்தவர் அகராதியைப் பார்த்துச் 'சேறு' என்று போட்டுவிட்டார். நானும் படிக்காமல் கையெழுத்திட்டிருந்தேன். லட்சக்கணக்கான கனமீட்டர் பாறை எங்கே போகிறது என்பதுதான் அறிக்கையின் முக்கியமான பக்கம். ஊர்க்காரர்களுக்கு அது தூர்வாருவதாகப் போய்ச் சேர்ந்திருந்தது.

பழைய அணைகளை வைத்தே செய்யும் திட்டங்களில் இந்தப் பக்கத்தை முதலில் புரட்டுங்கள். நீலகிரியின் குந்தா நீரேற்று மின்திட்டம் 500 மெகாவாட். மேலே போர்த்திமந்து, கீழே அவலாஞ்சி–எமரால்டு, இரண்டுமே ஏற்கெனவே உள்ள நீர்த்தேக்கங்கள். மின்சாரம் உபரியாக இருக்கும்போது தண்ணீரை மேலே ஏற்றி, தேவை கூடும்போது இறக்கி மின்சாரம் எடுப்பார்கள். புதிய அணை இல்லை. 'அப்புறம் என்ன பாதிப்பு?' என்ற கேள்வி சுலபமாக வந்துவிடும். ஆனால் மின்நிலையமும் நீர்வழிகளும் மலைக்குள்ளே இருக்கின்றன. வெட்டியெடுத்த பாறை சுமார் ஒன்றரை மடங்கு இடத்தை அடைக்கும். அதைச் சரிவில் கொட்டினால் மழைக்கு ஓடைக்குள் இறங்கும். 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டிய இடம் அவலாஞ்சி. அந்தப் பெயரே ஒரு பழைய மண்சரிவால் வந்ததுதான்.

நடைமுறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு பற்றிய 2006 அறிவிக்கையின்படி பெரிய நீர்மின் திட்டங்கள் மத்திய அரசின் அனுமதிக்குப் போகும். ஆய்வு எல்லைகள் வகுக்கப்படும், வரைவு அறிக்கை தயாராகும், பிறகு கருத்துக்கேட்பு. அதற்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். கலெக்டரோ அவரது பிரதிநிதியோ தலைமை வகிப்பார். இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்ற கணக்கு கிடையாது. பத்துப் பேர் வந்தாலும் நடந்ததாகவே எழுதப்படும்.

கூட்டத்தில் உணர்ச்சிவசப்பட்டுப் பேசுவது தவறில்லை. அதில் நியாயம் இருக்கும். ஆனால் திட்டத்தைப் பரிசீலிக்கும் டெல்லி நிபுணர் குழுவின் மேசைக்குப் போவது கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்புதான். "இத்தனையாவது பக்கத்தில் இந்த சர்வே எண்ணில் கழிவு கொட்டுவதாக உள்ளது, அதன் கீழே எங்கள் ஊற்று இருக்கிறது" என்று பேசுங்கள், எழுதியும் கொடுங்கள். முடிவில் குறிப்பைத் தமிழில் வாசிக்கச் சொல்லுங்கள். அது விதியிலேயே இருக்கிறது. அனுமதி கிடைத்த பிறகு ஆட்சேபம் இருந்தால் பசுமைத் தீர்ப்பாயத்துக்கு 30 நாளுக்குள் போக வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் 60 நாள் கிடைக்கலாம்.

பாட்டியின் கேள்விக்கு மண்டபத்தில் சிலர் சிரித்தார்கள். பக்கத்தில் இருந்த பையன் அறிக்கையைப் பிரித்து, அந்த இடம் பாட்டி தண்ணீர் எடுக்கும் ஊற்றுக்கு மேலே இருப்பதைக் காட்டினான். அது குறிப்பில் ஏறியது. ஊற்றுகளை நாங்கள் மழைக்காலத்தில் மட்டுமே அளந்திருந்தோம். அடுத்த ஏப்ரலில் டேப்பும் வாளியுமாக மறுபடி அந்தச் சரிவில் ஏறினோம். வழிகாட்ட அந்தப் பையனே வந்தான்.