காலிபிரேஷன்: அளவுத்திருத்தமா, அளவொப்பீடா?

ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் நம் மலையகப் பிள்ளைகள் நாளெல்லாம் சொல்லும் சொல் காலிபிரேஷன், அதாவது கருவி காட்டும் அளவை ஏற்கெனவே தெரிந்த சரியான அளவோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. தமிழில் எழுதும்போது மட்டும் பலரும் யோசிக்காமல் அளவுத்திருத்தம் என்று போட்டுவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

காலிபிரேஷன் பிறந்தது கலிபர் என்ற சொல்லிலிருந்து. பிரெஞ்சில் கலிபர் என்றால் துப்பாக்கி, பீரங்கிக் குழலின் உள்விட்டம். வார்ப்பு அச்சைக் குறிக்கும் காலிப் என்ற அரபுச் சொல்தான் அதற்கு மூலம் என்பார்கள். நீளம் அளக்கும் கலிப்பரும் இதே குடும்பம்தான். குண்டு குழலுக்குப் பொருந்துமா என்று பார்ப்பதில் தொடங்கிய சொல்லில் திருத்தம் எங்கே இருக்கிறது?

வெப்பப் பகுப்பாய்வுக் கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். சூடேறும் பொருள் எவ்வளவு வெப்பத்தை உள்வாங்குகிறது என்று அளந்து வளைவாக வரையும் டி.எஸ்.சி. எனப்படும் வகையீட்டு வருடல் கலோரிமானியில், இந்தியம் என்ற உலோகத்தில் சில மில்லிகிராமைச் சின்ன அலுமினியக் கிண்ணத்தில் வைத்து மூடி அழுத்தி, நிமிடத்துக்கு 10 பாகை வீதம் சூடேற்றுகிறோம். (இந்தியம் என்ற பெயர் இந்தியாவிலிருந்து நேராக வந்ததல்ல, அந்த உலோகத்தின் நிறமாலையில் தெரியும் அவுரி நீலக் கோட்டால் வந்த பெயர்.) அது உருகுவது 156.6 பாகை செல்சியஸில். கருவி 157.2 காட்டினால் வித்தியாசம் 0.6, அதைக் குறித்துக்கொள்கிறோம். வளைவின் உச்சியை வாசிக்கக்கூடாது, உருகல் வளைவு ஏறத்தொடங்கும் பக்கத்தை நேர்கோடாக நீட்டி, அது அடிக்கோட்டை, அதாவது உருகுமுன் வளைவு போன சமக்கோட்டை, வெட்டும் இடத்தைத்தான் வாசிக்க வேண்டும். அப்புறம் இதேபோல் 231.9 பாகையில் உருகும் வெள்ளீயம், 419.5 பாகையில் உருகும் துத்தநாகம். இதுவரை செய்ததெல்லாம் ஒப்பிட்டுப் பார்த்தது மட்டுமே, இதற்குப் பெயர்தான் காலிபிரேஷன். அந்த 0.6ஐக் கருவிக்குள் போட்டுச் சரிசெய்வது அடுத்த வேலை, அளவுத்திருத்தம் என்ற சொல் அதற்குத்தான் பொருந்தும்.

ஏன் உருகுநிலை, கொதிநீர் போதாதா என்று கேட்கலாம். கடலோரத்தில் ஓரளவு சரி. ஆனால் சுமார் 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் 94 பாகைக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும். தேயிலை பெக்டரியில் டிரையர் வெப்பமானியைக் கொதிநீரில் வைத்துப் பார்த்து, 100 காட்டவில்லை, பழுது என்று ஒதுக்கினால் ஒரு நல்ல வெப்பமானியை வீணாக்கியதாகத்தான் ஆகும். உலோகங்களின் உருகுநிலை அப்படியில்லை, மலையேறினாலும் கருவி உணரும் அளவுக்கு அது மாறாது.

சரி, தமிழில் என்ன சொல்வது? அளவுகோடிடல் என்றும் ஒரு சொல் நம்மிடம் உண்டு, கோடில்லாத கண்ணாடி வெப்பமானிக்கு அது கச்சிதம். திரையில் எண் காட்டும் கருவிக்கு ஒட்டவில்லை. ஆகவே ஒப்பிடுவதற்கு அளவொப்பீடு, அதன்பின் சரிசெய்வதற்கு அளவுத்திருத்தம் என்று பிரித்து எழுதுவோம். அறிக்கையில் இரண்டையும் தனித்தனியாகக் குறிப்பிட்டு, சூடேற்றிய வீதத்தையும் பக்கத்திலேயே எழுதுங்கள். 10 பாகை வீதத்தில் செய்த அளவொப்பீடு 20 பாகை வீதத்துக்கு அப்படியே பொருந்தாது, வேகம் கூடக் கூட மாதிரியின் வெப்பநிலை உணரிக்குப் பின்தங்கும்.