சார்ஜ்னா கட்டணமா?

போன வாரம் ஒரு பவர் பேங்க் வாங்கினேன். டப்பாவுக்குள்ள நாலா மடிச்ச தாள் ஒண்ணு, பத்துப் பன்னெண்டு மொழியில. அட தமிழும் இருக்கேன்னு ஆசையா பிரிச்சுப் படிச்சா, "சாதனத்திற்கு முழுமையாகக் கட்டணம் வசூலிக்க 4 மணி நேரம் ஆகும்". நாலு மணி நேரமா யாரு வந்து எங்கிட்ட வசூல் பண்ணப் போறா? அடுத்த வரி, "கட்டணம் வசூலிக்கும்போது சூடாவது இயல்பு". இயல்புதான், எனக்கு அப்பவே சூடாயிருச்சு. இத நான் பாக்குறது எத்தனாவது தடவைன்னு கணக்கே இல்ல.

சார்ஜ்ங்கிற இங்கிலீஷ் சொல்லத்தான் இப்படிக் கட்டணமாக்கி வச்சிருக்காங்க. அந்தச் சொல்லுக்கு மூலம் வண்டி. லத்தீன்ல கர்ருஸ்னா வண்டி, அது இப்ப பிரான்ஸ் இருக்குற பக்கம் அந்தக் காலத்துல வாழ்ந்த கெல்ட்டியர்ங்கிற மக்கள்கிட்ட இருந்து வாங்கின சொல். அதுலேர்ந்து 'வண்டில சுமை ஏத்துறது'ன்னு ஒரு வினை, அது பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்துச்சு. கார், கார்கோ எல்லாம் பங்காளிங்கதான். துப்பாக்கியில மருந்து கெட்டிக்கிறதும் சார்ஜ். 1740கள்ல பெஞ்சமின் பிராங்க்ளின்ங்கிற அமெரிக்கர் லெய்டன் ஜாடிய (மின்சாரத்தப் புடிச்சு வைக்கிற கண்ணாடி ஜாடி) வச்சு மின்சார ஆராய்ச்சி பண்ணப்போ அதே சொல்ல அங்கயும் போட்டாரு, வரிசையா அடுக்கின ஜாடிகளுக்கு பீரங்கி வரிசையோட பேரான பேட்டரிய வச்சவரும் அவருதான்.

சுமைங்கிற இந்த ஒண்ணப் புடிச்சுக்கிட்டா மத்ததெல்லாம் தானா விளங்கிரும். ஒருத்தன் மேல குற்றத்த ஏத்தினா சார்ஜ் ஷீட், வேலைய ஏத்தினா இன்சார்ஜ், காசு பாரத்த ஏத்தினா சர்வீஸ் சார்ஜ். நாம மட்டும் என்ன, குற்றம் *சுமத்துறோம்*, பொறுப்ப *சுமக்குறோம்*, வரிச்*சுமை*ங்கிறோம். அவன் வண்டிய வச்சு யோசிச்சத நாம தலைச்சுமைய வச்சு யோசிச்சிருக்கோம், அவ்வளவுதான். லத்தி சார்ஜுக்குத் தடியடின்னு எவனோ புண்ணியவான் அழகா போட்டுட்டுப் போயிட்டான், அதுல கை வைக்க வேணாம்.

இப்ப விஷயத்துக்கு வரேன். கட்டணத்தத் திட்டினா உடனே ஒரு கோஷ்டி வந்து "ஐயா, அதுக்கு மின்னூட்டம்னு நல்ல தமிழ் இருக்கே"ன்னு நிக்கும். இருக்கு, யாரு இல்லேன்னா? எலக்ட்ரானுக்கு இருக்குற எதிர் மின்னூட்டம், பள்ளிக்கூட புஸ்தகத்துல படிச்சோமே, அதுக்கு வச்ச சொல் அது. அதக் கொண்டாந்து போனுக்குப் போட்டா சொல்லும் தப்பு, அறிவியலும் தப்பு. போன சார்ஜ்ல போட்டா அதுக்குள்ள மொத்த மின்னூட்டம் ஒண்ணும் கூடிறாது, பேட்டரிக்குள்ள லித்தியம் அயனிங்க இந்த முனையிலேர்ந்து அந்த முனைக்கு இடம் மாறுது, கூடுறது ஆற்றல். இங்கிலீஷ்காரன் ரெண்டுக்கும் ஒரே சொல்ல வச்சுக் குழப்பிக்கிட்டான், நமக்கு ரெண்டு சொல் வச்சுக்க வசதி இருக்கறப்போ அவன் குழப்பத்தையும் சேத்து ஏன் இறக்குமதி பண்ணணும்?

இன்னொண்ணு, ஊட்டுறதுன்னா சோறு ஊட்டுறது. உள்ள போனது உடம்போட சேந்துரும், அத யாரும் திருப்பி எடுக்க மாட்டாங்க. பேட்டரி அப்படியா? ஏத்துறோம், சாயங்காலத்துக்குள்ள இறங்கிருது. டிஸ்சார்ஜுக்கு அதே புஸ்தகத்துல மின்னிறக்கம்னுதான் இருக்கு. இறக்கம்னு ஒண்ணு இருந்தா அதுக்கு எதிர்ல நிக்க வேண்டியது ஏற்றம்தானே, ஊட்டம் எப்படி வந்து நிக்கும்? அதனால மின்னேற்றம், கருவிக்கு மின்னேற்றி. ஏற்றம்னா கிணத்துல தண்ணி இறைக்கிறதுன்னு ஒரு நண்பர் கிண்டல் பண்ணாரு. ஏங்க, சுவத்து பிளக்குல செருகினத எவன் கிணத்து ஏத்தம்னு நினைப்பான்?

இந்த ஊட்டல் வியாதி இதோட நிக்கல. நிலத்தடி நீர் ரீசார்ஜ் பண்ணா செறிவூட்டல். இரும்புச்சத்து சேத்த அரிசி செறிவூட்டப்பட்ட அரிசி. யுரேனியத்துக்கும் செறிவூட்டல். மூணுக்கும் ஒரே சொல், மூணும் வேற வேற வேலை. அரிசிக்கும் யுரேனியத்துக்குமாவது ஏதோ அடர்த்தி கூடுதுன்னு சமாதானம் சொல்லலாம், மழைத்தண்ணி மண்ணுக்குள்ள இறங்குறதுல என்னத்த செறிவு? நீர் சேமிப்பு, நீர் சேர்ப்புன்னு எழுதினா என்ன குறைஞ்சு போயிரும்? மொழிபெயர்க்கிறவங்க அகராதிய மட்டும் தொறக்குறாங்க, காதத் தொறக்குறதே இல்ல.

காதுன்னு சொன்னது சும்மா இல்ல. எங்கம்மா எட்டாம் கிளாஸ் வரைக்கும்தான். ராத்திரி படுக்கப் போறதுக்கு முன்னாடி போன என் கையில குடுத்துட்டு தினமும் சொல்றது இதான்: "சார்ஜ் இறங்கிருச்சுடா, கொஞ்சம் ஏத்திவை."