நோட்டீஸைத் தூக்கிப் போடாதீர்கள்

கலைக்குழுக்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பதும் கணக்குப் பார்ப்பதும் நாகர்கோவிலில் என் தொழில். போன மாதம் வில்லிசைப் புலவர் ஒருவர் கலைஞர் நல வாரியத்தில் பதிய, மஞ்சள் பை நிறைய ஊர்க் கோயில் கொடை விழா நோட்டீஸ்களோடு வந்தார். சிலவற்றில் குங்குமம் அப்பியிருந்தது. ஒன்றில் எண்ணெய் ஊறி மறுபக்கத்து எழுத்தும் சேர்ந்து தெரிந்தது. "இதெல்லாம் சான்றாகுமா சார்?" என்றார். ஆகும். பெயர் அச்சான ஒவ்வொரு நோட்டீஸும் ஊரே கொடுத்த சான்று.

2007இல் அமைந்த நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் பிள்ளைகளின் படிப்புக்கும் திருமணத்துக்கும் இறுதிச் சடங்குக்கும் உதவுகிறது. புலவர் பதிந்துவிட்டால் குழுவே பதிந்தாயிற்று என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. குடம் அடிப்பவரும் உடுக்கைக்காரரும் ஜால்ரா போடுபவரும் தனித்தனியாகப் பதிய வேண்டும். நோட்டீஸில் அவர்கள் பெயரையும் போடச் சொல்லுங்கள். நலிந்த கலைஞர்களுக்கான மாத உதவித்தொகை வேறு. அது இயல் இசை நாடக மன்றம் வழியாக வருவது.

உதவித்தொகை கலைஞரின் வீட்டில் அடுப்பெரிய வைக்கும். ஆனால் கதை கேட்க ஆள் வேண்டுமே! கொடையில், வீட்டுக்கு வீடு பிரிக்கும் தலைக்கட்டு வரி கொடுத்த வீட்டார் பாயோடு வந்து உட்காருவார்கள். புலவர் கதையைச் சுருக்கினால் முன்வரிசைக் கிழவி விடமாட்டாள். தங்கள் காசு, தங்கள் சாமி, தங்கள் கதை என்ற உரிமை அது. தோல்பாவைக் கூத்துக்காரர்களுக்கு அந்த வரியின் துணைகூடக் கிடையாது. கொட்டகை போட்டு டிக்கெட் விற்றுப் பிழைத்தவர்கள் அவர்கள். அரசு விழாவிலோ வில்லிசைக்கு இருபது நிமிடம்தான். காப்புப் பாடி, அவையடக்கம் சொல்லி, கதைக்குள் நுழையும்போது நேரம் முடிந்துவிடுகிறது. இரவெல்லாம் பாட வேண்டிய முத்துப்பட்டன் கதையை அதற்குள் எப்படி அடக்குவது?

அதனால் நிகழ்ச்சிக்கு நிதி கேட்கும்போது, கதை கேட்பவர்களுக்கென்றும் ஒரு பங்கு கேட்கச் சொல்கிறேன். கதைச்சுருக்கம் அச்சிட, இரவில் வீடு திரும்ப வண்டி பிடிக்க, பள்ளிக்கு முன்கூட்டியே ஒருமுறை போய்வர. தோவாளைப் பக்கம் ஒரு பள்ளியில் ஒரு வில்லிசைக் குழுவோடு இப்படிச் செய்தோம். பிள்ளைகள் வீசுகோலை வாங்கி வில்லில் தட்டிப் பார்த்தார்கள். மணிகள் குலுங்கியதும் வகுப்பே அதிர்ந்தது. மறுவாரம் அதே குழு முத்துப்பட்டன் கதையைப் பாடியது. அவன் மணக்கும் பொம்மக்காவும் திம்மக்காவும் வந்த இடத்தில் பள்ளி மணி அடித்துவிட்டது.

பங்குனியில் அந்தக் குழுவுக்குப் பக்கத்து ஊரில் கொடை. இரவு பதினொரு மணிக்கு, அந்தப் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். மீதிக் கதை கேட்க வேண்டுமாம்.