பிளாஸ்டிக்: நெகிழ்வதா, குழைவதா?

‘கம்பியில் ஏற்படும் நெகிழி உருமாற்றம்’ என்று பொறியியல் மாணவர்களுக்கான தமிழ்ப் பாடக்குறிப்பு ஒன்றில் அச்சாகியிருக்கிறது. ‘பிளாஸ்டிக் டிஃபர்மேஷன்’, அதாவது விசையை எடுத்த பிறகும் திரும்பாமல் நின்றுவிடும் உருமாற்றம் என்பதற்கான தமிழாக்கம் அது. படிக்கிற பிள்ளைக்கு என்ன புரியும்? இரும்புக் கம்பி எப்படியோ பிளாஸ்டிக்காக மாறிவிட்டது என்றுதான் புரியும். நாலு பக்கம் தள்ளி ‘களிமண்ணின் நெகிழி எல்லை’ (பிளாஸ்டிக் லிமிட்) வருகிறது. மண்ணில் எவ்வளவு பாலித்தீன் குப்பை கலந்திருக்கலாம் என்பதற்கான வரம்பு என்றே எவரும் எடுத்துக்கொள்வார்கள். ஒரு முறை என்றால் அச்சுப்பிழை என்று விட்டுவிடலாம். இதே ‘நெகிழி’ கருத்தரங்க மேடையிலும் கலைச்சொல் பட்டியலிலும் திரும்பத் திரும்ப வருகிறது.

பிளாஸ்டிக் என்ற சொல்லின் பிறப்பு எளிது. ‘பிளாசெயின்’ என்றால் கிரேக்கத்தில் உருப்படுத்துதல், மண்ணைப் பிடித்து வடிவம் கொடுத்தல். அதிலிருந்து ‘பிளாஸ்டிகோஸ்’, லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. அது முதலில் ஒரு தன்மையின் பெயர். பொருளுக்குப் பெயரானது மிகப் பிந்தி.

எவ்வளவு பிந்தி என்பதைக் கவனிக்க வேண்டும். எட்வர்ட் சைஸ் என்ற ஜெர்மானிய மருத்துவர் பிளாஸ்டிக் சர்ஜரி பற்றிப் புத்தகம் போட்டது 1838-இல். அலெக்சாண்டர் பார்க்ஸ் தாம் செய்த பார்க்சைன் என்ற ஆரம்பகாலப் பிளாஸ்டிக்கை லண்டன் கண்காட்சியில் வைத்தது 1862-இல். அதாவது இன்று நாம் பிளாஸ்டிக் என்று சொல்லும் பொருள் வருவதற்கு முன்பே அந்தச் சிகிச்சைக்கு அந்தப் பெயர் வந்துவிட்டது. முகத்தில் பிளாஸ்டிக் வைத்துத் தைப்பார்கள் என்று இன்றைக்கும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். ‘ஒட்டுறுப்பு அறுவை’ என்று தமிழில் சொன்னவர் எவரோ, அவர் ஆங்கிலச் சொல்லைப் பார்க்காமல் நடக்கிற வேலையைப் பார்த்தார்.

உலோகத்திலும் இதே கதைதான். 1864-இல் ஹென்றி திரெஸ்கா என்ற பிரெஞ்சுப் பொறியாளர் உலோகங்களைப் பெரும் அழுத்தத்தில் நசுக்கிப் பார்த்தார். குறிப்பிட்ட அளவு விசைக்கு மேல் போனதும் திண்ம உலோகம் உருகாமலே வழிந்து ஓடியது. 1900 வாக்கில் யூயிங், ரோசன்ஹைன் என்ற இரு ஆய்வாளர்கள் மெருகேற்றிய உலோகத்தை இழுத்து நுண்ணோக்கியில் பார்த்தபோது, படிகங்களுக்குள் அடுக்கு அடுக்காகச் சறுக்கல் கோடுகள் தெரிந்தன. கணக்குப்படி அந்தச் சறுக்கலுக்கு வேண்டிய விசையைவிட உண்மையில் ஆகும் விசை மிகமிகக் குறைவாக இருந்தது. ஏன் என்பதற்குப் படிக அடுக்கில் அணுவரிசை பிசகிய இடங்களான இடப்பிறழ்வுகளே காரணம் என்று டெய்லர், ஒரோவான், போலான்யி ஆகிய மூன்று விஞ்ஞானிகளும் தனித்தனியே 1934-இல் விடை சொன்னார்கள். இந்த வரலாறு முழுவதிலும் பிளாஸ்டிக் என்ற சொல் வருகிறது. ஒரு இடத்தில்கூட அது பையையோ வாளியையோ குறிக்கவில்லை.

இனி ‘நெகிழி’க்கு வருவோம். நெகிழ்தல் என்றால் தளர்தல், இறுக்கம் விடுதல். “தொடியொடு தோள்நெகிழ நோவல்” என்கிறது குறள். பிரிவில் தோள் மெலிகிறது, வளை தளர்கிறது. தலைவன் திரும்பி வந்தால் தோள் மறுபடி பூரிக்கும். நெகிழ்ந்தது மீளக்கூடும். குழைவது அப்படியில்லை. “மோப்பக் குழையும் அனிச்சம்”: குழைந்த பூ நிமிர்வதில்லை. சோறு குழைந்துவிட்டால் மறுபடி பருக்கையாகாது. சந்தனம், சுண்ணாம்பு, மண் எல்லாவற்றையும் குழைக்கிறோம். குழைத்துக் கொடுத்த உருவில் அது நிற்கிறது. கிரேக்கச் சொல் சொல்வதும் இதைத்தான்.

சந்தேகம் இருப்பவர்கள் சென்னையில் வீடு கட்டும் எந்த இடத்திலாவது கம்பி கட்டுகிறவர் பக்கத்தில் போய் நிற்கட்டும். தூணுக்கு ரிங் போட 8 மி.மீ. கம்பியை வளைக்கிறார். 90 டிகிரியோடு நிறுத்த மாட்டார், கொஞ்சம் கூடவே தள்ளுவார். கையை எடுத்ததும் கம்பி சற்றே பின்வாங்கிச் சரியான மூலையில் வந்து நிற்கும். அந்தப் பின்வாங்கல் மீட்சி. திரும்பாமல் நின்றுவிட்ட வளைவு குழைவு. ஒரே கம்பியில், ஒரே நொடியில் இரண்டும் நடக்கின்றன. இரண்டுக்கும் இரண்டு சொல் வேண்டும். முதலாவதற்குப் பள்ளிப் பாடநூலிலேயே மீட்சி என்ற நல்ல சொல் இருக்கிறது. இரண்டாவதற்கு ‘நெகிழி’ என்று போட்டால், வளைந்து கொடுத்துத் திரும்புவதையும் நெகிழ்வு என்றே சொல்லிப் பழகிய மாணவருக்கு இரண்டும் ஒன்றாகிவிடும்.

பொருளின் பெயராகக்கூட ‘நெகிழி’ முழுதும் பொருந்தவில்லை. கேரி பேக்கைக் கையில் வைத்துக்கொண்டு செய்த சொல் அது. லியோ பேக்லண்ட் 1907-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த பேக்லைட் என்ற பிளாஸ்டிக்கை நினைத்துப் பாருங்கள். திருவல்லிக்கேணியின் பழைய வீடுகளில் இருந்த கறுப்பு உருண்டை சுவிட்ச் அதுதான். குக்கர் கைப்பிடியும் அதுதான். வளைத்தால் வளையாது, உடையும். சூடுபட்டால் இளகாது, கருகும். அச்சில் அழுத்தும் அந்தச் சிறிது நேரம் மட்டும் அது குழைவாக இருந்தது. அந்த நேரத்தின் பெயரைத்தான் பிளாஸ்டிக் என்ற சொல் வாழ்நாள் முழுவதும் சுமக்கிறது. பாடநூலில் வரும் ‘இறுகும் நெகிழி’ என்ற தொடரைச் சொல்லிப் பாருங்கள், முன்சொல்லும் பின்சொல்லும் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. சூட்டில் இளகுவது, ஒரு முறை இறுகினால் பிறகு இளகாதது என்று பிளாஸ்டிக்கை இளகும், இறுகும் எனப் பிரித்தது அருமையானது. அதைச் செய்தவர்களுக்கு நல்ல காது இருந்திருக்கிறது. கூட வந்த பெயர்தான் கெடுத்தது.

இது போதாதென்று ‘ஞெகிழி’ என்று எழுதினால்தான் தூய தமிழ் என்று ஒரு கூட்டம். ஞகரம் போட்டால் சங்கத் தமிழ் ஆகிவிடும் என்ற எண்ணம். ஞெகிழ், நெகிழ் இரண்டும் பழைய வடிவங்கள்தாம். குறளே நகரத்தோடு வழங்கியிருக்கும்போது எதை மீட்க இந்தப் பாடு? அதைவிட, பழந்தமிழில் ஞெகிழி என்று ஏற்கனவே ஒரு சொல் இருக்கிறது. அதற்குப் பொருள் கொள்ளிக்கட்டை. ‘ஞெகிழியை எரிக்காதீர்’ என்று பலகை எழுதுகிறவர் அகராதியை ஒரு தடவை புரட்டியிருக்கலாம். தூய்மை பேசுகிறவருக்கு மற்றவர்களைவிட அதிகப் பொறுப்பு உண்டு.

கடையில் வாளி வாங்கும்போது பிளாஸ்டிக் என்றே சொல்லுங்கள், மஞ்சப்பை விளம்பரத்தில் நெகிழி என்று எழுதுங்கள். அந்தச் சொல் வேரூன்றிவிட்டது, அதைப் பிடுங்க நான் வரவில்லை. தன்மையைச் சொல்லும் இடத்தில் மட்டும் குழைவு வரட்டும்: குழைவு உருமாற்றம், குழைவெல்லை. 1911-இல் அட்டர்பர்க் என்ற ஸ்வீடன் நாட்டு வேதியியலாளர் களிமண்ணுக்கு வகுத்து, பிறகு மற்றவர்கள் செப்பனிட்ட சோதனையில், மண்ணை உருட்டி உருட்டி 3 மி.மீ. திரியாக்கி, அது எந்த ஈரத்தில் உதிரத் தொடங்குகிறது என்று பார்ப்பார்கள். அந்த ஈரத்துக்குக் குழைவெல்லை என்று பெயர் வைத்தால், விளக்கம் சொல்லாமலே கொத்தனாருக்கும் புரியும்.