இரும்புக் குளிசைக்கு அசையாத சோகை

ஹற்றன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: "மாமா மகனுக்கும் எனக்கும் பேசி முடித்திருக்கிறார்கள். மூன்று மாதம் இரும்புக் குளிசை குடித்தும் இரத்தம் கூடவில்லை. தலசீமியா காவியாக இருக்கலாம், மரபியல் ஆலோசகரைப் பாருங்கள் என்கிறார் டொக்டர். போகத்தான் வேண்டுமா?"

போங்கள். ஆனால் ஈமோகுளோபின் ஏ2 என்ற இரத்தப் பரிசோதனை அறிக்கையோடு போங்கள். தலசீமியா என்பது ஈமோகுளோபின் சரிவர உருவாகாத பரம்பரை நோய்; அதற்கான பழுதான மரபணு ஒன்றை மட்டும் சுமந்து, நோயில்லாமல் இருப்பவர்தான் காவி.

தோட்டத்தில் சோகை என்றாலே இரும்புக் குறைவு என்றுதான் நினைப்போம். பெரும்பாலும் அது சரியும்கூட. ஆனால் பீட்டா என்ற வகைத் தலசீமியாவின் காவிக்கும் அதேபோல செங்குழியம் சிறுத்துப்போகும், அதன் சராசரிப் பருமனைக் காட்டும் எம்.சி.வி. 80க்குக் கீழே இறங்கும். இரண்டையும் பிரித்துக் காட்டுவது ஏ2.

ஈமோகுளோபினில் இரண்டு அல்பா, இரண்டு பீட்டா புரதச் சங்கிலிகள். பீட்டா மரபணு 11ஆம் நிறமூர்த்தத்தில், அம்மாவிடமிருந்து ஒன்றும் அப்பாவிடமிருந்து ஒன்றுமாக இருக்கிறது. காவிக்கு அதில் ஒன்று பழுது. அல்பா வழக்கம்போல வந்து நிற்கிறது, ஜோடி சேரப் பீட்டா போதவில்லை. பீட்டாவுக்குப் பக்கத்திலேயே டெல்டா என்றொரு மரபணு உண்டு. எல்லோர் உடம்பிலும் அது கொஞ்சமாகத்தான் வேலை செய்யும். அல்பாவைப் பிடிக்கும் போட்டியில் பீட்டாவிடம் தோற்றுவிடும். காவியிடம் அந்தப் போட்டி தளர்கிறது. டெல்டாவுக்குக் கூடுதலாக அல்பா கிடைக்கிறது. இந்த ஜோடிதான் ஏ2. வழக்கமாக 3 சதவீதம் அளவில் இருப்பது 3.5ஐத் தாண்டி 4, 5 என்று ஏறிவிடும். பழுதான மரபணுவைத் தொடாமலே, அதன் பக்கத்து வீட்டுக்காரர் பெருத்ததை வைத்து அதைக் கண்டுபிடித்துவிடுகிறோம்! எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத விஷயம் இது.

ஒன்றைக் கவனியுங்கள்: இரும்பு மிகவும் குறைந்திருந்தால் ஏ2வும் தாழ்ந்து, காவி கண்ணில் படாமல் போகலாம். குளிசை குடித்து முடித்திருக்கிறீர்கள் என்பதால் இப்போது எடுப்பதுதான் நல்லது.

அப்புறம் கணக்கு. இருவரும் காவி என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்கு நோய் வர 25 சதவீத வாய்ப்பு. அப்படிப் பிறக்கும் பிள்ளைக்கு வாழ்நாள் முழுக்க இரத்தம் ஏற்ற வேண்டிவரும். நீங்கள் காவி என்று மட்டும் தெரிந்தால், மாமா மகனிடமும் அதே பழுது இருக்க எட்டில் ஒரு வாய்ப்பு. உங்கள் அம்மாவும் காவி என்று தெரிந்தால் அது நாலில் ஒன்று. ஆகவே அவரும் பரிசோதிக்கட்டும்; ஈமோகுளோபின் ஈ போன்ற வேறு மாற்றங்களும் அதிலேயே தெரியும்.

கல்யாணத்தை நிறுத்தச் சொல்வது ஆலோசகரின் வேலை அல்ல. உங்கள் முன்னால் என்னென்ன வழிகள் உண்டு என்று விளக்குவார், முடிவு உங்களுடையது. தாயின் உயிரைக் காக்க அன்றிக் கருக்கலைப்பு இலங்கையில் சட்டவிரோதம். அதனால்தான் கர்ப்பத்துக்கு முன்பே தெரிந்துகொள்ளச் சொல்கிறேன். பெண்ணின் தோஷம் என்று யாராவது பேசினால் நம்ப வேண்டாம். நோயுள்ள பிள்ளைக்குப் பழுது இரு பக்கத்திலிருந்தும் வந்திருக்கும்.

தேசிய தலசீமியா நிலையம் குருநாகலில் இருக்கிறது. ஒரு நாள் பேரை, அதாவது அன்றைய சம்பளத்தை, விட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கே போக முடியும் என்றிருப்பவர்களுக்கு அது மிகவும் தூரம். பரிசோதனை தோட்டத்துக்கே வர வேண்டும், ஆலோசனை தமிழில் கிடைக்க வேண்டும். அரசாங்கம் பணம் ஒதுக்க வேண்டிய இடம் இது.

நீங்கள் காவி என்று உறுதியானால் உங்கள் அண்ணன், தம்பி, அக்கா, தங்கை ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அவர்களையும் அழைத்துக்கொண்டு போங்கள்.