இரண்டாவது மோட்டார் சைக்கிளை இறக்கத்தில் பார்த்து வாங்குங்கள்

மலையகத்தில் இரண்டாவது மோட்டார் சைக்கிள் வாங்க நினைப்பவர்கள் என் கராஜுக்கு வந்ததும் கேட்கும் முதல் கேள்வி, எத்தனை சி.சி. எடுக்கலாம் என்பதுதான். அடுத்த கேள்வி, மேட்டில் இழுக்குமா என்பது. இரண்டுக்கும் பதில் சொல்வது சுலபம். ஒழுங்காக ஓடும் 250 சி.சி. வண்டி எதுவும் இருவரை ஏற்றிக்கொண்டு ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்குத் தாராளமாக ஏறும். ஆனால் அந்த வண்டி எப்படி இறங்கும் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. பழைய ஸ்போர்ட்ஸ் டூரிங் வண்டி, அதாவது வேகமாக நீண்ட தூரம் ஓடுவதற்கான பெரிய வண்டி, ஒன்றின் உடம்பில் உள்ள நோய்களில் பெரும்பாலானவை இறக்கத்தில்தான் வெளியே வரும். கொழும்பிலோ குருநாகலிலோ சமதரையில் இரண்டு சுற்று ஓட்டிப் பார்த்துப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு வருகிறவர்களுக்கு இது புரிவதற்குள் வண்டி அவர்கள் கைக்கு வந்துவிடுகிறது.

இந்த ஆசையை நான் குறை சொல்லமாட்டேன். வீட்டில் ஏற்கெனவே 100 அல்லது 125 சி.சி. வண்டி இருக்கும். பிள்ளையைப் பாடசாலையில் விடவும், கடைக்குப் போகவும், அரிசி மூட்டை ஏற்றவும் அது போதும். கொழும்பில் வேலை செய்துகொண்டு வார இறுதியில் வீட்டுக்கு வருகிறவருக்கு அதே வண்டியில் 120 கிலோமீற்றருக்கு மேல் உட்கார்ந்து வருவது கடினம். கித்துல்கலை தாண்டி கினிகத்தேனை, வட்டவளைப் பக்கம் ஏறும்போது மழை முகத்தில் அறையும். முன்பக்கம் மறைப்பு உள்ள, இருக்கை அகன்ற, பெரிய பெற்றோல் தாங்கி கொண்ட வண்டி அந்தப் பயணத்தை உண்மையாகவே மாற்றிவிடும். குளிரில் விரல் விறைக்காமல் வீடு சேர்வது ஆடம்பரமல்ல.

ஆனால் இந்த வகை வண்டி எதற்காகப் பிறந்தது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஐரோப்பாவின் நெடுஞ்சாலைகளில் மணிக்கு 120, 130 கிலோமீற்றர் வேகத்தில் நாள் முழுக்க ஓடுவதற்காக உருவான வகை இது. நம் நாட்டில் அதிவேக நெடுஞ்சாலைக்குள் மோட்டார் சைக்கிள் நுழையவே முடியாது. மற்ற வீதிகளில் ஊருக்கு வெளியே நமக்குள்ள எல்லை மணிக்கு 70 கிலோமீற்றர். ஹட்டன் வீதியில் அந்த 70ஐத் தொடுவதற்கே இடம் தேட வேண்டும். ஆகவே பெரிய எஞ்சினுக்காகக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி பயன்படாமலே கிடக்கும். எடையோ ஒவ்வொரு நாளும் கூடவே வரும்.

எடையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வீட்டு வண்டி 110 கிலோ அளவில் இருக்கும். ஹொண்டா சி.பி.ஆர். 250 ஆர் 160 கிலோவுக்குச் சற்று மேல். கவாசாகி நிஞ்ஜா 250 ஆர் 170 கிலோ அளவு. ஹொண்டா வி.எஃப்.ஆர். 800 எரிபொருளுடன் 240 கிலோவைத் தொடும். யமஹா எஃப்.ஜே.ஆர். 1300 ஏறக்குறைய 290 கிலோ. பிரதான வீதியிலிருந்து உங்கள் வீடுவரை உள்ள தோட்டப் பாதையை நினைத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் கொங்கிரீட் போட்டு நடுவே புல் முளைத்த பாதை, தேயிலை மலைக்குள் கொண்டை ஊசி வளைவு, மழை பெய்தால் பாசி, லயன் முன்னால் திருப்ப இடமில்லாத சரிவு. 240 கிலோ வண்டி அங்கே மெதுவாகச் சாயத் தொடங்கினால் ஒற்றைக் காலால் தாங்க முடியாது. வாங்குவதற்கு முன் எஞ்சினை அணைத்துவிட்டு, சரிவில் வண்டியைக் கையால் பின்னோக்கித் தள்ளிப் பாருங்கள். உங்களால் முடியாவிட்டால் அந்த வண்டி உங்கள் வீட்டுக்கு ஏற்றதல்ல. எத்தனை அழகாக இருந்தாலும் என் பதில் அதுதான்.

250 சி.சி. வண்டிகளுக்குள்ளும் குணம் வேறுபடும். நிஞ்ஜா 250 ஆர் இரட்டைச் சிலிண்டர். அதன் முழுச் சக்தியும் எஞ்சின் நிமிடத்துக்கு 11,000 சுற்றை நெருங்கும்போதுதான் வரும். சி.பி.ஆர். 250 ஆர் ஒற்றைச் சிலிண்டர். இழுவை கீழேயே கிடைக்கும், உச்சச் சக்தி 8,500 சுற்றில். வளைவுக்கு வளைவு இரண்டாம் கியருக்கும் மூன்றாம் கியருக்கும் மாறிக்கொண்டிருக்கும் நமது வீதியில் கீழேயே கிடைக்கும் இழுவைதான் களைப்பைக் குறைக்கும். பெரிய வண்டிகளில் 2002க்குப் பின் வந்த வி.எஃப்.ஆர். 800, சிலிண்டருக்கு இரண்டு வால்வுகளில் ஓடிக்கொண்டிருந்து ஏறக்குறைய 7,000 சுற்றில் நான்குக்கு மாறும், அப்போது இழுவை சட்டென்று கூடும். நேர்வீதியில் அது இன்பம். ஈரமான வளைவின் நடுவில் நடந்தால், பழகாதவருக்கு ஆபத்து.

உயரமும் கணக்கில் வர வேண்டும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர். அங்கே காற்றின் அழுத்தம் கொழும்பைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. எஞ்சினின் சக்தியும் அதே அளவு குறையும். எரிபொருளை இலத்திரனியல் முறையில் பாய்ச்சும் வண்டி பெற்றோலின் அளவைத் தானே சரிசெய்துகொள்ளும். காபரேட்டர் வண்டியால் அது முடியாது. சமதரைக்குச் சரிசெய்த காபரேட்டர் இங்கே வந்ததும் பெற்றோலை அதிகமாகக் கொடுத்து, பிளக்கில் கரி படியவைக்கும். காலையில் வண்டி பிடிக்காது.

இனி இறக்கம். விற்பவர் சம்மதித்தால் நான் சொல்லும் பாதை ஹட்டனிலிருந்து கினிகத்தேனை நோக்கியது. நுவரெலியாவில் இருப்பவர்களுக்கு றம்பொடைப் பக்கம். விற்பவர் வேறு ஊரில் இருந்தால் அங்கே கிடைக்கும் நீளமான சரிவைத் தேடுங்கள். விலையில் சலுகை தருகிறேன், சரிவில் மட்டும் ஓட்டிப் பார்க்க விடமாட்டேன் என்று சொல்பவரிடம் வாங்காதீர்கள்.

இறங்கும்போது மூன்றாம் கியரிலும் இரண்டாம் கியரிலும் அக்சிலேட்டரை முழுவதும் விட்டுவிட்டு, எஞ்சினே வண்டியைப் பிடிக்கும்படி விடுங்கள். கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்தால் கியர்ப் பெட்டிக்குள் பற்கள் தேய்ந்துவிட்டன. அதைச் சரிசெய்ய எஞ்சினைப் பிளக்க வேண்டும். சமதரையிலும் மேட்டிலும் இந்தக் குறை ஒளிந்துகொள்ளும், ஏனென்றால் அங்கே எஞ்சின் எப்போதும் இழுத்துக்கொண்டே இருக்கிறது. நீளமாக இறங்கிய பிறகு மறுபடி அக்சிலேட்டரைக் கொடுக்கும்போது பின்னால் வருகிறவரைப் புகையைக் கவனிக்கச் சொல்லுங்கள். அக்சிலேட்டர் மூடியிருக்கும்போது எஞ்சினுக்குள் உறிஞ்சல் கூடும். வால்வு சீல்கள் தேய்ந்திருந்தால் அந்த உறிஞ்சலில் ஒயில் உள்ளே இறங்கி, அக்சிலேட்டர் கொடுத்ததும் நீலப் புகையாக வெளியே வரும். நின்ற இடத்தில் எத்தனை முறை முறுக்கினாலும் அது தெரியாமல் போகலாம்.

பிரேக்தான் நான் அதிகம் கவலைப்படும் பகுதி. பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தைத் தானாகவே உறிஞ்சும். புதிய டொட் 4 வகை ஒயில் குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த எல்லை 155 பாகை வரை இறங்கிவிடலாம். தொடர்ந்து பிரேக் பிடித்து இறங்கும்போது சூடு பிரேக் ஒயிலுக்கு ஏறி, அது கொதித்து ஆவிக் குமிழியானால் பிரேக் நெம்பு வெறுமனே உள்ளே போகும். வண்டி நிற்காது. மூடுபனியும் மழையுமாக இருக்கும் நமது ஊரில், அதுவும் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் ஓடும் வண்டியில், இந்த ஒயிலை இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை கட்டாயம் மாற்ற வேண்டும். விற்பவரிடம் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று கேளுங்கள். எஞ்சின் ஒயிலைப் பற்றி அவர் பதில் சொன்னால், பிரேக் ஒயில் மாற்றப்படவே இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

2023 ஜனவரியில் நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் பாடசாலைச் சுற்றுலா பஸ் ஒன்று கட்டுப்பாட்டை இழந்து வேனிலும் முச்சக்கர வண்டியிலும் மோதியதில் 7 பேர் இறந்ததை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். அதே சரிவில்தான் நமது பிள்ளைகள் மோட்டார் சைக்கிளில் போகிறார்கள். கனமான வண்டி என்றால் பிரேக் தாங்க வேண்டிய சூடும் அதிகம்.

சரிவின் அடியில் நிறுத்தியதும் முன் பிரேக் நெம்பை இறுக்கிப் பிடித்து ஒரு நிமிடம் வைத்திருங்கள். மெல்ல மெல்லக் கைப்பிடியை நோக்கி அது அமிழ்ந்தால் மேல் சிலிண்டரின் சீல் கசிகிறது. பிறகு நடு ஸ்டாண்டில் நிறுத்திச் சக்கரத்தைக் கையால் சுழற்றுங்கள். இறுகி நின்றால் பிரேக் பிஸ்டன் துருப்பிடித்துத் திரும்பி வராமல் இருக்கிறது. பிரேக் தட்டின் மேலேயே குறைந்தபட்சத் தடிப்பு மில்லிமீற்றரில் பொறிக்கப்பட்டிருக்கும். அதை அளந்து பார்க்க ஒரு மெக்கானிக்குக்கு அதிக நேரம் எடுக்காது. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். உள்ள வண்டியில் சாவியைத் திருப்பியதும் அதன் விளக்கு எரிய வேண்டும், ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் பழுதை மறைக்க யாரோ அந்த விளக்கைச் செயலிழக்கச் செய்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள். வி.எஃப்.ஆர். போன்ற சில ஹொண்டாக்களில் முன் பிரேக்கும் பின் பிரேக்கும் ஒன்றோடொன்று இணைந்தவை. அவற்றில் காற்றை வெளியேற்றுவது நேரம் பிடிக்கும் வேலை, முறை தெரியாதவர் கை வைக்கக் கூடாது.

இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது முன்பகுதியில் "டக்" என்ற அடி கைக்குத் தெரிந்தால் ஹேண்டில் பெயாரிங் தேய்ந்திருக்கிறது. முன் ஷொக்கின் கம்பியில் ஒயில் வளையம் படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த ஒயில் வழிந்தால் போகுமிடம் பிரேக் தட்டு.

குறைந்த கிலோமீற்றர் ஓடிய வண்டி நல்ல வண்டி என்ற நம்பிக்கை இங்கே ஆழமாக ஊறியிருக்கிறது. நான் அதை ஏற்பதில்லை. வளைகுடாவில் உழைத்துத் திரும்பிய ஒரு தம்பி, மீற்றரில் மிகக் குறைவாகக் காட்டிய வண்டியை வாங்கி நேரே என்னிடம் கொண்டுவந்தார். வண்ணம் மினுங்கியது. டயரில் பள்ளங்கள் ஆழமாகவே இருந்தன. டயர் ஓரத்தில் பொறித்திருந்த நான்கு இலக்கங்களோ அது பத்து வருடத்துக்கு முந்தியது என்று சொல்லின. முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு வருடம். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். அத்தனை பழைய இறப்பர் கல்லாகிவிடும், ஈரமான தார் வீதியில் பிடிக்காது. பெற்றோல் தாங்கிக்குள் துரு. செயினில் இறுகிப்போன கண்ணிகள். வண்டி ஓடித் தேயவில்லை, நின்று கெட்டிருந்தது. மீற்றரை நம்புவதைவிடக் கால்மிதி இறப்பரையும், பிரேக் மிதியையும், செயின் பல்சக்கரத்தையும் பாருங்கள். பின் பல்சக்கரத்தில் செயினைப் பின்னோக்கி இழுத்தால் பல்லின் பாதி தெரிகிறது என்றால் செட்டையே மாற்ற வேண்டும்.

விழுந்த வண்டியா என்பதை மறைப்புத் தகட்டின் பளபளப்பு சொல்லாது. ஹேண்டில் நுனி, கிளட்ச் நெம்பின் முனை, கால்மிதியின் கீழ்ப்புறம், ஹேண்டில் முழுதாகத் திரும்பும்போது சட்டத்தில் மோதும் இடம் ஆகியவை சொல்லும். அந்த மோதும் இடம் நசுங்கியிருந்தால் விழுந்த அடி பலமானது.

பத்திர விடயத்தில் நம்மவர்கள் கூச்சப்படுகிறார்கள், விற்பவர் மனம் நோகுமே என்று. கேளுங்கள். 2020 மார்ச்சிலிருந்து 2025 தொடக்கம் வரை தனிப்பட்ட வாகன இறக்குமதி நின்றிருந்ததால் இருக்கிற வண்டிகளே கை மாறிக் கை மாறிச் சுழன்றன. பெயர் மாற்றாமல் கையொப்பமிட்ட படிவத்தோடு விற்கும் "ஓபன் பேப்பர்" பழக்கம் அதில் பெருகியது. பதிவுச் சான்றிதழில் உள்ள செசி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் வண்டியில் உள்ளவையோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். லீசிங் நிறுவனத்தின் பெயர் பதிவில் இருந்தால் அதன் விடுவிப்புக் கடிதம் இல்லாமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். உங்கள் சாரதி அனுமதிப்பத்திரத்தையும் எடுத்துப் பாருங்கள். ஏ1 பிரிவு 100 சி.சி. வரைதான் செல்லும், அதற்கு மேல் ஏ பிரிவு வேண்டும். அது இல்லாமல் 250 ஓட்டி விபத்து நேர்ந்தால் காப்புறுதி கைவிட்டுவிடும்.

விலை பேசுவதற்கு முன் பிரேக் பேட், செயின் செட், கிளட்ச் கேபிள், முன் மறைப்பு ஆகியவை எங்கே கிடைக்கும், என்ன விலை என்று பாகக் கடையில் விசாரியுங்கள். "தேடித்தான் பார்க்க வேண்டும்" என்ற பதில் வந்தால் வண்டி மாதக்கணக்கில் கராஜில் நிற்கத் தயாராகுங்கள். கையில் உள்ள பணம் முழுவதையும் வண்டிக்கே கொடுத்துவிடாமல் இரண்டு டயர், பிரேக் ஒயில், செயின் செட், பெற்றரி ஆகியவற்றுக்கான தொகையை ஒதுக்கி வையுங்கள். இவற்றை வாங்கிய வாரமே மாற்றுங்கள், நன்றாகத்தான் இருக்கிறது என்று விற்பவர் சொன்னாலும்.

பெரிய வண்டி வந்த வீடுகளில் சின்ன வண்டியைக் கவனிக்க மறந்துவிடுகிறார்கள். சேவை செய்யும் பணமெல்லாம் புதியதற்குப் போகிறது. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தினமும் ஓடுவதோ வழுவழுப்பான பின் டயரோடு நிற்கும் பழையது. இரண்டாவது வண்டியைச் சோதிக்க மெக்கானிக்கிடம் கொண்டுபோகும் நாளில் வீட்டு வண்டியையும் கொண்டுபோங்கள். அதன் பின் பிரேக் கட்டையையும் டயரையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.