ஜாமீன்: சொல்லின் வரலாறும் ‘பிணை’ என்னும் தமிழும்

‘ஜாமீன்’ அரபு மொழியில் பிறந்த சொல். பிறர் ஒருவருக்காகத் தான் பொறுப்பேற்று நிற்பவரை அம்மொழி ‘ளாமின்’ என்கிறது. பாரசீகத்திலும் உருதுவிலும் அது ‘ஸாமின்’ என ஒலி திரிந்து, வக்கீல், வாய்தா, அமீனா முதலிய நிர்வாகச் சொற்களைப் போலவே தமிழுக்குள் வந்து ‘ஜாமீன்’ ஆனது. உருதுவில் பொறுப்பேற்கும் ஆள் ஸாமின், அவர் தரும் பொறுப்பு ஸமானத் என இரண்டும் தனித்தனியே நிற்கின்றன. தமிழிலோ ஆளைக் குறித்த சொல்லே பொறுப்புக்கும் பெயராகிவிட்டதால், ஆளைச் சுட்டுவதற்கு ‘ஜாமீன்தார்’ என்று இன்னொரு விகுதி தேவைப்பட்டது. பொள்ளாச்சிப் பக்கத்து ஊத்துக்குளி ஜமீன், சமத்தூர் ஜமீன் என்பவற்றில் வரும் ‘ஜமீன்’ நிலம் என்று பொருள்படும் பாரசீகச் சொல். எழுத்தில் ஒரு கால் மட்டுமே வேறுபட்டாலும் இரண்டுக்கும் உறவில்லை.

இதற்குரிய தமிழ்ச் சொல் பிணை. பிணைத்தல் என்றால் ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டுதல். கொங்குநாட்டுக் களங்களில் கதிர் மிதிக்க மாடுகளை வரிசையாகச் சேர்த்துக் கட்டிச் சுற்றவிடுவதற்குப் பிணையல் என்று பெயர்; ஒரு மாடு விலகினால் அடுத்த மாட்டின் கழுத்தும் இழுபடும். வழக்கில் சிக்கியவருக்காகக் கையெழுத்திடுபவரின் நிலையும் அதுவே என்பதால், இச்சொல் பொருளைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. ‘பிணையேர் மடநோக்கு’ என்று குறளில் வரும் பிணை பெண்மானைக் குறிப்பது. அதை இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை. தெப்பத்தைக் குறிக்கும் ‘புணை’ என்ற சொல்லுக்கும் ஈடு என்ற பொருள் உண்டு. கோயில் விளக்குக்கென ஆடுகளை ஏற்ற இடையருக்காக வேறு இடையர்கள் ‘புணைப்பட்ட’ செய்தியைச் சோழர் காலக் கல்வெட்டுகளில் காணலாம்.

நாட்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் நெடுங்காலம் பிணை என்ற சொல்லை வரையறுக்காமலேயே ஆண்டுவந்தது. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாதான் தன் 2 ஆம் பிரிவில் முதன்முறையாக அதற்கு வரையறை தந்தது. குற்றஞ்சாட்டப்பட்டவரோ சந்தேகிக்கப்படுபவரோ ஒரு முறி, அதாவது உறுதிப் பத்திரம், எழுதிக் கொடுத்து, அதிகாரியோ நீதிமன்றமோ விதிக்கும் நிபந்தனைகளுக்கு உட்பட்டுக் காவலிலிருந்து வெளிவருவதே பிணை. பிறர் பொறுப்பேற்று எழுதித் தருவது பிணைமுறி. ஆள் பொறுப்பின்றித் தானே எழுதித் தருவது சொந்த முறி. இந்த வரையறையில் பணம் கட்டுவது என்ற பேச்சே இல்லை. ‘குற்றமற்றவர்’ என்ற பேச்சும் இல்லை. ஆனால் ‘ஜாமீன் எடுத்தாச்சுங்க, கேஸ் முடிஞ்சுது’ என்று நிம்மதியாகச் சொல்லிவிட்டு அடுத்த வாய்தாவைத் தவறவிடும் குடும்பங்கள் நம் பக்கத்தில் ஏராளம். பிடிவாரண்டு வந்த பிறகே அவர்களுக்குச் சொல்லின் பொருள் புரிகிறது. ‘ஜாமீனில் விடுதலை’ என்று செய்தித்தாள்கள் எழுதுவதும் இந்த மயக்கத்தை வளர்க்கிறது. ‘பிணையில் வெளிவந்தார்’ என்று எழுதுவதே சரி.

இந்த மயக்கம் கஞ்சா வழக்குகளைப் போல வேறெங்கும் குடும்பங்களை வருத்துவதில்லை. பொது வழக்குகளில் பிணை விதி, சிறை விலக்கு என்று சொல்வார்கள். 1985 ஆம் ஆண்டின் என்.டி.பி.எஸ். சட்டம், அதாவது போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டம், தன் 37 ஆம் பிரிவால் அந்த விதியைத் தலைகீழாக்குகிறது. கைப்பற்றப்பட்டது வணிக அளவாக இருந்து, அரசு வழக்கறிஞர் பிணையை எதிர்த்தால், இவர் குற்றம் செய்யவில்லை என்று நம்ப நியாயமான காரணம் உண்டு, வெளியே வந்தால் மீண்டும் குற்றம் செய்யமாட்டார் என்ற இரண்டிலும் நீதிபதிக்கு மனநிறைவு ஏற்பட வேண்டும். கஞ்சாவில் 1 கிலோவுக்குக் குறைந்தால் சிறு அளவு. அதற்கு ஓராண்டு வரை சிறையோ, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு. 10 முதல் 20 ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதமும் உண்டு. இடைப்பட்டதற்குப் பத்தாண்டு வரை. ஹெராயினுக்கு இந்த எல்லைகள் 5 கிராமும் 250 கிராமும். வணிக அளவை எட்டாத வழக்குகளில் இரட்டை நிபந்தனை பொதுவாகக் குறுக்கே வருவதில்லை. மற்ற வழக்குகளைப் போலவே பிணை மனு பரிசீலிக்கப்படும்.

ஆகவே எடை என்ற ஒன்றே ஒருவரின் பல ஆண்டுகளைத் தீர்மானிக்கிறது. 22 கிலோ என்று மகஜரில், அதாவது பொருளைக் கைப்பற்றியபோது எழுதும் பதிவில், இருந்தால், அந்த மூட்டையில் பூக்கதிர் எவ்வளவு, தனியே கிடந்த இலையும் விதையும் எவ்வளவு என்று வழக்கறிஞர் கேட்டாக வேண்டும். ஏனெனில் பூவோ காயோ கொண்ட நுனிக்கதிரையே சட்டம் கஞ்சா என்கிறது, அதனோடு சேராத இலையையும் விதையையும் அது விலக்குகிறது. தன்பாத்–ஆலப்புழா ரயில் சேலம், ஈரோடு, திருப்பூர், கோவை வழியாகப் போகிறது. இருக்கைக்கு அடியில் கேட்பாரற்றுக் கிடந்த பை யாருடையது என்ற கேள்வி அவ்வழியே வரும் வழக்குகளில் திரும்பத் திரும்ப எழுகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தார் என்பது மட்டும் போதாது, அறிந்து வைத்திருந்தார் என்பதற்கு அடிப்படை வேண்டும். ஆளின் உடலைச் சோதிக்கும் முன், அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரி அல்லது நீதித்துறை நடுவர் முன்னிலையில் சோதிக்கும்படி கேட்கும் உரிமை அவருக்கு உண்டு என்பதைச் சொன்னார்களா என்பது 50 ஆம் பிரிவின் கேள்வி; கையிலுள்ள பையைச் சோதிக்க அது பொருந்தாது. மாதிரி எடுத்தல் நடுவர் முன் நடந்ததா என்பது 52அ பிரிவின் கேள்வி. விசாரணை அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்த்த வழக்கு தமிழ்நாட்டிலிருந்து சென்றதே.

எல்லாக் கதவும் அடைத்திருக்கும்போதும் நாள்கணக்கில் ஒரு கதவு உண்டு. வணிக அளவு வழக்கில் 180 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால், நீதிமன்றம் காலத்தை நீட்டிக்காத நிலையில், பிணை கேட்பது உரிமையாகிறது. அரசு வழக்கறிஞரின் அறிக்கையின் பேரில் ஓராண்டு வரை நீட்டிக்க இடமுண்டு. மற்றவற்றில் பொதுச் சட்டத்தின் 60 அல்லது 90 நாள். இந்த உரிமை தானாக வந்து சேராது; குற்றப்பத்திரிகை வருவதற்கு முன் மனுப் போட்டாக வேண்டும், தாமதித்தால் போயிற்று. சென்னை வழக்கொன்றில் மனு தாக்கலான அதே நாளில், அதன்பின் அவசரமாகக் குற்றப்பத்திரிகையின் இடத்தில் கூடுதல் புகார் தாக்கல் செய்யப்பட்டபோதும், முந்திவந்த மனுவின் உரிமை அழியாது என்று உச்ச நீதிமன்றம் 2020 இல் சொன்னது. கைதான நாளை நாட்காட்டியில் குறித்துவைப்பதை வீட்டார் வழக்கறிஞரிடம் மட்டும் விட்டுவிடக் கூடாது என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

கோவையில் இவ்வழக்குகளை இன்றியமையாப் பண்டங்கள் சட்டச் சிறப்பு நீதிமன்றம் விசாரிக்கிறது. சிறப்பு நீதிமன்றத்தில் பிணை மறுக்கப்பட்டால் கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம் மாவட்ட வழக்குகளில் சென்னை உயர் நீதிமன்றத்துக்கும், கரூர் மாவட்ட வழக்குகளில் அதன் மதுரைக் கிளைக்கும் செல்ல வேண்டும். வழக்கறிஞர் வைக்க வசதியில்லை என்று எவரும் கைவிட வேண்டியதில்லை. காவலில் இருப்பவர் என்ற ஒரு தகுதியே இலவசச் சட்ட உதவிக்குப் போதும், வருமான வரம்பு கிடையாது என்று 1987 ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம் கூறுகிறது. ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் அதற்கான ஆணைக்குழு உண்டு. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். குண்டர் சட்டத்தில் அடைக்கப்பட்டவருக்கு மட்டும் பிணை ஆணை பயன் தராது. அது தடுப்புக் காவல், அதற்கு அறிவுரைக் குழுமமும் ஆட்கொணர்வு மனுவுமே வழி.

பிணையாளர் பக்கத்தை யாரும் விளக்கிச் சொல்வதில்லை. ‘அண்ணா, பையனுக்கு ஜாமீன் நிக்கோணுமுங்க’ என்று தங்கை கேட்டால், ‘அதுக்கென்ன கண்ணு, நின்னுட்டாப் போவுது’ என்று வீட்டு வரி ரசீதையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடும் ஊர் நம்முடையது. ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ திருப்பூர்ப் பனியன் கம்பெனிக்கு வந்தவருக்கு அப்படியோர் அண்ணன் இங்கே இருப்பதில்லை. பிணை ஆணை கிடைத்த பின்னும் உள்ளூரில் கையெழுத்திட ஆளின்றிச் சிறையிலேயே கிடக்கிறார். 1978 இல் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர், வேற்று மாவட்டத்தாரின் பிணையை ஏற்க மறுத்த ஆணையைக் கண்டித்தபோது, தொலைதூர ஊரில் கைதாகும் தமிழரோ மலையாளியோ அங்கே சொத்துள்ள பிணையாளருக்கு எங்கே போவார் என்று கேட்டார். அதே கேள்வி இன்று நம் வாசலில் நிற்கிறது. தொகையைக் குறைக்கவும் சொந்த முறியை ஏற்கவும் கோரி மனுச் செய்ய இடமுண்டு.

பிணையில் வெளிவந்தவர் தலைமறைவானால் முறியின் தொகையைப் பிணையாளரிடம் தண்டமாக வசூலிக்க நீதிமன்றம் விளக்கம் கேட்கும். வசூலிக்க இயலாவிட்டால் ஆறு மாதம் வரை சிவில் சிறைக்கும் இடமுண்டு. தம் பொறுப்பிலிருந்து விலக விரும்பும் பிணையாளர் எந்நேரமும் நீதிமன்றத்தில் மனுக் கொடுக்கலாம். அப்போது நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்டவரை வரவழைத்து, அவர் வந்த பிறகே பிணையாளரைப் பிணைமுறியிலிருந்து விடுவித்து, வேறு பிணையாளரைத் தரச் சொல்லும். தர இயலாவிட்டால் குற்றஞ்சாட்டப்பட்டவர் மீண்டும் சிறைக்கு அனுப்பப்படலாம்.